டாவ் புரோட்டானைவிடக் கனம், பிறகு எப்படி அது லெப்டான்?

புக்கிட் மெர்தாஜாமில் ஆறாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “லெப்டான் என்றால் கிரேக்கத்தில் இலேசானது என்று பொருளாம். அப்படியானால் புரோட்டானைவிடக் கனமான டாவ் என்ற துகள் எப்படி லெப்டான் ஆகும்? எலெக்ட்ரானை ஒரு பக்கத்தில் ஃபெர்மியான் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் லெப்டான் என்கிறார்கள். எது சரி? பெரியப்பா வைத்திருந்த பழைய புத்தகத்தில் மியூவானை மியூ மீசான் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?”

மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் முடிச்சு ஒன்றுதான், தம்பி. பெயர் வைத்தபோது எடையைப் பார்த்து வைத்தார்கள். இன்று பிரிப்பது நடத்தையைப் பார்த்து. அணுக்கருவைக் கட்டிப்போட்டிருக்கும் வலுவிசை எந்தப் பொருள்துகளைத் தீண்டுவதில்லையோ அது லெப்டான். டாவ் எவ்வளவு கனமாக இருந்தாலும் வலுவிசைக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே லெப்டான். தேர்வுக்கு இவ்வளவு போதும், அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் இருக்கிறது. மலாயில் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். இன்று அங்கே லக்சா சாப்பிடப் போகிறவர் யாரும் கறுப்புத் தண்ணீர் எங்கே என்று தேடுவதில்லை. ஊர் வளர்ந்துவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. லெப்டானும் அந்த மாதிரிப் பெயர்தான்.

அந்தப் பெயரை 1948இல் லெயோன் ரோசன்ஃபெல்ட் என்ற பெல்ஜிய இயற்பியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லெப்டோஸ் என்றால் கிரேக்கத்தில் மெல்லியது, சிறியது. கிரேக்கர்களின் சில்லறைக் காசுக்கும் லெப்டோன் என்றுதான் பெயர், நம் சல்லிக்காசு மாதிரி. அன்று அவர் மனத்தில் இருந்தவை எலெக்ட்ரானும், அதைவிட இலேசான, இன்னும் யாரும் பிடித்திராத நியூட்ரினோவும்தான். இரண்டுக்கும் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. 1953இல் ஆபிரகாம் பைஸ் கனமானவற்றுக்குப் பேரியான் என்று பெயர் கொடுத்தார். பாரிஸ் என்றால் கனம். (பிரான்சின் தலைநகரோடு இதற்குச் சம்பந்தமில்லை.) நடுவில் இருப்பவை மீசான், அதாவது இடைப்பட்டவை. ஆக இலேசு, நடுத்தரம், கனம் என்று மூன்று தட்டு. மளிகைக் கடைத் தராசுபோல ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்தத் தராசை இப்போது நாமே தூக்கிப் பார்க்கலாம். எலெக்ட்ரானின் எடையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிறை என்பதுதான் சரியான சொல், தேர்வில் அப்படியே எழுதுங்கள். இங்கே பேச்சுவாக்கில் எடை என்கிறேன்.) மியூவான் 207. பையான் என்ற மீசான் 273. புரோட்டான் 1836. இதுவரை ஒழுங்குதான். டாவ் 3477! புரோட்டானைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மீசான் தட்டிலும் இதே கூத்து: பி மீசான் என்று ஒன்று இருக்கிறது, அது புரோட்டானைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். “இடைப்பட்டது” என்ற பெயரோடு கனமானவற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

கீழ்ப்பக்கமும் பொருந்துவதில்லை. புரோட்டானுக்குள் இருக்கும் அப் குவார்க்கின் எடை சுமார் 4, டௌன் குவார்க் சுமார் 9. இவை மியூவானைவிட எவ்வளவோ இலேசு. இலேசாக இருப்பதுதான் தகுதி என்றால் இவையும் லெப்டான் ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: புரோட்டானில் இரண்டு அப், ஒரு டௌன். 4 + 4 + 9 = 17. ஆனால் புரோட்டானின் எடை 1836. மீதி எங்கிருந்து வந்தது? அத்தனையும் வலுவிசையின் ஆற்றல். உங்கள் உடம்பின் எடையில் சுமார் 99 சதவீதம் குவார்க்குகளின் சொந்த எடை அல்ல, அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துச் சுழலும் ஆற்றல். ஐன்ஸ்டைன் சமன்பாட்டை பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோமே, அது தராசில் தெரியும் இடம் இதுதான்.

எடை ஏமாற்றும் என்பதை ஆராய்ச்சியாளர்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். உங்கள் பெரியப்பாவின் புத்தகத்தில் இருக்கும் மியூ மீசான் அந்தக் காலத்தின் அடையாளம்.

1935இல் ஜப்பானில் ஹிடெகி யுகாவா ஒரு கணக்குப் போட்டார். அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் இருக்க வேண்டுமென்றால், அவற்றுக்கிடையே போய்வரும் துகள் ஒன்று இருக்க வேண்டும், அதன் எடை எலெக்ட்ரானைப்போல் சுமார் 200 மடங்கு இருக்கும் என்றார். மறு ஆண்டே, 1936இல், அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மையரும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் புதுத் துகள் ஒன்றைக் கண்டார்கள். எடையைப் பார்த்தால் 200க்குப் பக்கம்! பெண் பார்க்கப் போன வீட்டில் பத்துப் பொருத்தமும் இருந்த மாதிரி. யுகாவாவின் துகள் கிடைத்துவிட்டது என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பொருத்தம் பொய் என்று காட்டியவர்கள் இத்தாலியின் மூன்று இளைஞர்கள்: மார்செல்லோ கொன்வெர்சி, எத்தோரே பன்சினி, ஒரேஸ்தே பிச்சியோனி. இரண்டாம் உலகப்போர் நேரம். 1943இல் ரோமில் குண்டு விழுந்தபோது பல்கலைக்கழகப் பக்கமும் விழுந்தது. வத்திக்கானுக்கு அருகே குண்டு போடமாட்டார்கள் என்று நினைத்து, கருவிகளை அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறைக்கு மாற்றினார்கள். அங்கே தொடங்கிய வேலை போர் முடிந்த பிறகுதான் பலன் தந்தது.

சோதனையின் யோசனை எளிது. எதிர்மின்னூட்டம் உள்ள இந்தத் துகளை ஒரு பொருளுக்குள் நிறுத்தினால், நேர்மின்னூட்டம் உள்ள அணுக்கரு அதைத் தன் பக்கம் இழுக்கும். யுகாவா சொன்ன துகளாக இருந்தால் வலுவிசை அதை உடனே விழுங்கிவிட வேண்டும். இரும்பில் நிறுத்திப் பார்த்தார்கள், விழுங்கியது. அப்புறம் கரியில், அதாவது கார்பனில், நிறுத்தினார்கள். விழுங்கவில்லை! அணுக்கருவின் வாசலிலேயே நின்று, தன் ஆயுள் முழுவதையும் வாழ்ந்துவிட்டு, சாவகாசமாகச் சிதைந்தது. 1947இல் இது வெளியானதும் இயற்பியலாளர் ஃபெர்மியும் தோழர்களும் கணக்குப் பார்த்தார்கள். யுகாவாவின் துகளுக்கு எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் விழுங்கும் வேகம் ஒரு லட்சம் கோடி மடங்கு குறைவு. பத்துச் சதவீதம், இருபது சதவீதம் பிசகினால் கருவியைச் சந்தேகப்படலாம். இது வேறு சங்கதி.

எடை ஒத்துப்போனது, குணம் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால் லெப்டான் என்ற சொல்லின் இன்றைய பொருள் பிறந்தது அந்த நிலவறையில்தான், ரோசன்ஃபெல்டின் மேசையில் அல்ல.

அதே 1947இல் பிரிஸ்டலில் சிசில் பவல், லாத்தெஸ், ஒக்கியாலினி குழுவினர் மலையுச்சியில் வைத்த புகைப்படத் தகடுகளில் உண்மையான யுகாவா துகளைப் பிடித்தார்கள். அதுதான் பையான், எடை 273. அது சிதைந்து மியூவான் ஆவதும் தகட்டில் தெரிந்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே வங்காளத்தில் பிபா சௌத்ரியும் தேவேந்திர மோகன் போஸும் டார்ஜிலிங், சாந்தக்பூ மலைகளில் இதே மாதிரி தகடு வைத்து எடை கணித்திருந்தார்கள். போர்க்காலத்தில் நல்ல தரமான தகடு கிடைக்காமல் அந்த வேலை நின்றுபோனது. 1950இல் நோபல் பவலுக்குப் போனது. பிபா சௌத்ரியின் பெயரைப் பாடநூலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு.

சரி, பையான் யுகாவா கேட்ட துகள். அப்படியானால் மியூவானை யார் கேட்டது? இதே கேள்வியை ராபி என்ற இயற்பியலாளர் “இதை யார் ஆர்டர் செய்தது?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். மாமாக் கடையில் நாம் சொல்லாத தட்டு ஒன்று மேசைக்கு வந்து நிற்குமே, அப்படி. எலெக்ட்ரானின் மின்னூட்டம்தான், எலெக்ட்ரானின் தற்சுழற்சிதான், வலுவிசை தீண்டாத அதே குணம்தான். எடை மட்டும் 207 மடங்கு, கூடவே ஆயுளும் குறைவு. எடை கூடிய எலெக்ட்ரான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. பெயர் மீசான் தட்டிலிருந்து லெப்டான் தட்டுக்கு மாறியது. ஆனால் அச்சில் ஏறிய பெயர் லேசில் போகாது. அதனால்தான் மியூ மீசான் என்ற பழக்கம் பெரியப்பாவின் புத்தகம்வரை வந்திருக்கிறது. அதை நம்ப வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எலெக்ட்ரான் ஃபெர்மியானா லெப்டானா என்பது. இரண்டும்தான். நீங்கள் புக்கிட் மெர்தாஜாம்காரர், தமிழர், ஆறாம் படிவ மாணவர். இதில் எது சரி என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள், ஏனென்றால் எந்த ஊர், என்ன மொழி, என்ன படிப்பு என்பவை தனித்தனிக் கேள்விகள். துகளிடமும் அப்படித்தான். பாடநூல்கள் எல்லாவற்றையும் ஒரே மரத்தின் கிளைகளாக வரைந்து காட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதல் கேள்வி, தற்சுழற்சி (ஆங்கிலத்தில் ஸ்பின்) எவ்வளவு? அரை, ஒன்றரை என்று அரையில் முடிந்தால் ஃபெர்மியான். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாக இருந்தால் போசான். சத்தியேந்திரநாத் போஸின் பெயரை டிராக் இதற்கு வைத்தார். ஃபெர்மியான்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை உட்காரவிடாது. வேதியியலில் எலெக்ட்ரான் கூடுகளை 2, 8 என்று நிரப்புகிறீர்களே, அதற்கு மூலகாரணம் இந்தப் பிடிவாதம்தான். போசான்கள் அப்படியல்ல, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பேருந்து மாதிரி எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் ஏறிக்கொள்ளும். இந்தக் கேள்வி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. சாதாரண ஹீலியம் அணு, இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான், இரண்டு எலெக்ட்ரானோடு முழு அணுவாக, ஒரு போசான்!

இரண்டாவது கேள்வி, வலுவிசை தீண்டுமா? தீண்டாத பொருள்துகள் லெப்டான். தீண்டுபவை குவார்க்குகளும், குவார்க்கைக் கொண்டு கட்டப்பட்ட எல்லாமும். கட்டப்பட்டவற்றுக்கு ஹாட்ரான் என்று 1962இல் ரஷ்யாவின் லெவ் ஒக்குன் பெயர் வைத்தார், தடித்தது என்று பொருள். குவார்க் யோசனை வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான், கெல்மானும் ஸ்வைகும் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்று குவார்க் சேர்ந்தால் பேரியான், ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மீசான். இன்று மீசானுக்கு இதுதான் இலக்கணம், எடை அல்ல. அதனால் பி மீசான் எவ்வளவு கனத்தாலும் மீசான்தான்.

இரண்டு கேள்வியையும் ஒரே துகளிடம் கேட்டால்தான் படம் தெளிவாகும். புரோட்டான்: ஃபெர்மியான், ஹாட்ரான். பையான்: போசான், அதுவும் ஹாட்ரான். எலெக்ட்ரான்: ஃபெர்மியான், லெப்டான். லெப்டான்கள் எல்லாமே ஃபெர்மியான்கள், ஃபெர்மியான்கள் எல்லாமே லெப்டான்கள் அல்ல. ஒளியின் துகளான ஃபோட்டானையும் வலுவிசை தீண்டாது, ஆனால் அது விசையைச் சுமக்கும் போசான், பொருள்துகள் அல்ல. அதனால் லெப்டான் பட்டியலில் வராது. தேர்வில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்.

இப்போது டாவுக்கு வருவோம். 1970களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் மார்ட்டின் பெர்ல் எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மோதல்களில் ஒரு பக்கம் ஓர் எலெக்ட்ரான், மறுபக்கம் ஒரு மியூவான் மட்டும் வெளியே வந்தன, மீதி ஆற்றலைக் காணோம். 1975இல் இப்படி 64 நிகழ்வுகளைக் காட்டி, ஏதோ ஒரு புதுத் துகள் ஜோடியாகப் பிறந்து உடனே சிதைகிறது என்றார். சகாக்கள் பலர் நம்பச் சில ஆண்டுகள் ஆயின. 1995இல் நோபல்.

இங்கே ஒரு கெட்டிக்காரக் கேள்வி வரலாம். டாவ் சிதையும்போது மூன்றில் இரண்டு தடவைக்குப் பக்கம் பையான் போன்ற ஹாட்ரான்கள் வருகின்றன. பிறகு எப்படி அதை வலுவிசை தீண்டவில்லை என்கிறோம்? ஆயுளைப் பாருங்கள். ஒரு விநாடியை 10 லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு நேரம்கூட டாவ் உயிரோடு இருப்பதில்லை. நமக்கு இது கண்ணிமைப்பே இல்லை. ஆனால் வலுவிசையால் சிதையும் துகள்கள் இதைவிட ஆயிரம் கோடி மடங்கு வேகமாகப் போய்விடும். அவற்றோடு பார்த்தால் டாவ் சிரஞ்சீவி. அது மென்விசை என்ற வேறொரு விசையால்தான் சிதைகிறது. ஹாட்ரானாகச் சிதையும் அளவுக்கு எடையுள்ள ஒரே லெப்டான் அது, அவ்வளவுதான் விஷயம்.

எலெக்ட்ரான், மியூவான், டாவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியூட்ரினோ துணை உண்டு, ஆக மொத்தம் ஆறு லெப்டான். மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோவை எலெக்ட்ரானோடு ஒரே குடும்பத்தில் ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், வாழைப்பழத்தைக் காட்டுவேன். அதில் பொட்டாசியம் இருக்கிறது, அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் விநாடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, கூடவே ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. பழத்தைப் பிசாங் கோரேங் ஆக்கினாலும் இது நிற்காது, கொதிக்கும் எண்ணெயின் சூடு அணுக்கருவுக்கு ஒரு பொருட்டே அல்ல. (பயப்பட வேண்டாம். உங்கள் உடம்பில் இருக்கும் பொட்டாசியம் இதைவிடச் சில நூறு மடங்கு அதிகமாகச் சிதைந்துகொண்டிருக்கிறது.)

கவனிக்க வேண்டியது, எலெக்ட்ரான் தனியாக வருவதில்லை. முன்பு லெப்டான் ஏதும் இல்லை, பின்பு ஒரு லெப்டானும் ஓர் எதிர்லெப்டானும். வரவு ஒன்று, பற்று ஒன்று, கணக்கு பூஜ்யம். 1930இல் பௌலி என்ற இயற்பியலாளர் நியூட்ரினோவைக் கற்பனை செய்தது இந்த மாதிரிச் சிதைவில் ஆற்றல் கணக்கு உதைத்ததால்தான். டூபிங்கனில் நடந்த கூட்டத்துக்கு ஒரு கடிதமாக அனுப்பிவைத்தார். அவர் நேரில் போகவில்லை, சூரிக்கில் ஒரு நடன விருந்து இருந்ததாம். 26 ஆண்டுகள் கழித்து, 1956இல், ரெய்ன்ஸும் கோவனும் ஓர் அணு உலை பக்கத்தில் அதைப் பிடித்தார்கள். 1962இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விஷயம் தெரிந்தது: மியூவானோடு பிறந்த நியூட்ரினோ வேறொன்றில் மோதினால் மியூவானைத்தான் உண்டாக்குகிறது, எலெக்ட்ரானை அல்ல. யாரோடு பிறந்ததோ அந்தக் குலம் அதற்கு நினைவிருக்கிறது. குடும்பம் பிரித்தது இதை வைத்து.

அந்த நினைவும் முழுசாக நிலைப்பதில்லை என்பது பிறகு தெரிந்தது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடம் 1998இல் காட்டியபடி, நீண்ட தூரம் போகும் நியூட்ரினோ வழியில் குலம் மாறுகிறது. மாற வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சமாவது எடை இருந்தாக வேண்டும். எலெக்ட்ரானின் எடையில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. எடை இல்லை என்று எழுதியிருக்கும் குறிப்பு உங்கள் கையில் இருந்தால் அது பழையது.

நியூட்ரினோ என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் உலகில் முதலில் பதிவான இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965. 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். மேலிருந்து வரும் மியூவான்கள் அவ்வளவு பாறையைத் தாண்டி வருவது அபூர்வம். ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் ஓடினால், அதை அங்கேயே பாறைக்குள் ஒரு நியூட்ரினோ உண்டாக்கியிருக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நம் பாட்டன்மார் இங்கே பால்மரம் வெட்டக் கப்பல் ஏறிய அதே வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து கோலாருக்குப் போனவர்களும் உண்டு.

குவார்க்குகளும் ஆறு, அவையும் மூன்று ஜோடி. கடைசி ஜோடியில் இருக்கும் டாப் குவார்க் ஒன்றே கிட்டத்தட்ட ஒரு டங்ஸ்டன் அணுவின் எடை. ஏன் மூன்று குடும்பம், ஏன் நான்கு இல்லை என்பதற்கு இன்றுவரை யாரிடமும் காரணம் இல்லை. எண்ணிக்கை மட்டும் தெரியும்: ஜெனீவாவின் செர்ன் கூடத்தில் 1989இல் தொடங்கிய மோதல்களில் மென்விசையைச் சுமக்கும் இசட் போசான் எப்படிச் சிதைகிறது என்று அளந்து, இலேசான நியூட்ரினோ வகை மூன்றுதான் என்று உறுதி செய்தார்கள்.

இதெல்லாம் காகிதத்தில் படித்தால் மண்டையில் நிற்காது. கண்ணால் பார்க்கலாம். ஜெலுத்தோங்கில் என் வீட்டில், டியூஷன் பிள்ளைகளோடு சில வருடங்களுக்கு முன், துகள் ஓடிய தடத்தைப் பனிக்கோடாகக் காட்டும் முகில் அறை ஒன்று செய்தேன். பெரிய பெயர்தான், சாமான் இவ்வளவே: ஒரு கண்ணாடி மீன்தொட்டி, அதன் அடியில் ஒட்டிய கம்பளித் துணிப் பட்டை, கறுப்பு டேப் ஒட்டிய அலுமினியத் தட்டு, ஒரு டார்ச் லைட், பிறையில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய டிரை ஐஸ். துணியை ஆல்கஹாலில் நனைத்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டின்மேல் வைத்து, தட்டுக்கு அடியில் டிரை ஐஸைப் பரப்ப வேண்டும்.

முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியதுதான் மிச்சம். கைகழுவ வாங்கிவைத்த 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றியது என் தப்பு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி வெளிப்பக்கம் வேறு வியர்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஏர்கான் அறைக்கு மாற்றினேன். பத்து நிமிடம் கழித்துத் தட்டுக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில் தூறல் மாதிரி பனிமூட்டம் இறங்கியது. அதற்குள் திடீரென்று வெள்ளை நூல் ஒன்றை யாரோ சுண்டி இழுத்த மாதிரி நேர்கோடு ஒன்று. இரண்டு விநாடியில் கலைந்தது. “சார், சார்” என்று ஒரு பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

நீளமாக, மெலிதாக, நேராக ஓடினால் பெரும்பாலும் மியூவான். கோணல்மாணலாகச் சுருண்டு அலைந்தால் எலெக்ட்ரான், இலேசாக இருப்பதால் வழியில் இடிபடும்போதெல்லாம் திரும்பிவிடும். குட்டையாக, தடியாக, கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தால் ஆல்ஃபா, அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துகள், அது காற்றிலிருக்கும் ரேடான் வாயுவிலிருந்து வருவது. இரண்டு லெப்டானும், ஹாட்ரான்கள் கட்டிய ஒரு மூட்டையும், ஒரே மீன்தொட்டியில். நியூட்ரினோ மட்டும் தெரியாது. சூரியனிலிருந்து உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் விநாடிக்குச் சுமார் 6500 கோடி நியூட்ரினோ போகிறது, ஒன்றுகூடக் கோடு போடுவதில்லை. கோடு போடுவது மின்னூட்டம், அது நியூட்ரினோவிடம் இல்லை.

கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் என்பது கணக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சற்றுக் குறைவு, பூமியின் காந்தப்புலம் இங்கே காஸ்மிக் கதிர்களை அதிகம் விலக்கிவிடுகிறது. அதை முதலில் கவனித்தவர் ஜாவாவின் பண்டுங்கில் பேராசிரியராக இருந்த யாக்கோப் கிளே. 1920களில் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போய்வந்தபோது கருவியைக் கூடவே கொண்டுபோய் அளந்தார்.

மியூவானின் ஆயுள் ஒரு விநாடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போக முடியும், கொடிமலை உயரம்கூட இல்லை. பிறப்பதோ சுமார் 15 கிலோமீட்டர் மேலே. அவ்வளவு வேகத்தில் ஓடும்போது அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதால்தான் என் மீன்தொட்டிவரை வந்து சேர்கிறது.

டாவை இந்தத் தொட்டியில் பார்க்க முடியாது, ஒரு மில்லிமீட்டர்கூடப் போகும் முன் சிதைந்துவிடும். மற்றவற்றைப் பார்க்கலாம். தொட்டி இன்னும் என் வீட்டு ஸ்டோரில்தான் கிடக்கிறது. பள்ளி விடுமுறையில் வருவதானால் 99 சதவீத ஆல்கஹால் ஒரு போத்தலும் தடிமனான கையுறை ஒரு ஜோடியும் வாங்கிவாருங்கள், டிரை ஐஸை வெறும் கையால் தொடக்கூடாது. பெரியப்பாவின் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், அது எந்த வருடத்துப் பதிப்பு என்று பார்க்க எனக்கு ஆசை.